பாய் ஏற்றியிருந்தால் எப்போதும் முன்னுரிமை உண்டா?

புதிதாக வாங்கிய பாய்மரப் படகை தென் இங்கிலாந்தின் துறைமுக நகரான சவுதாம்ப்டனிலிருந்து கடல்வழியாகக் கொண்டுசெல்லவிருக்கும் நண்பருக்கு, பாய் விரிந்திருக்கும்வரை எஞ்சின் உள்ள எல்லாக் கப்பல்களும் அவருக்கு விலகி வழிவிட வேண்டும் என்று ஒருவர் கூறியுள்ளார். திறந்த கடலைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை இருந்தாலும், பொது விதியாக இது சரியல்ல.

1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 3ஆம் விதி, உந்து எஞ்சினைப் பயன்படுத்தாமல் பாயால் மட்டும் செல்வதையே பாய்மரக் கலம் என வரையறுக்கிறது; ஆகவே பாய் விரிந்திருந்தாலும் எஞ்சினும் சேர்ந்து உந்தினால், அது எஞ்சின் கலமாகவே கருதப்படும். புதியவர்கள் முதல் பயணத்தில் பெரும்பாலும் இப்படித்தான் செல்கிறார்கள் என்பதால் இது வெறும் ஏட்டு நுணுக்கம் அல்ல. எஞ்சினை அணைத்துவிட்டாலும்கூட, குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய கப்பலுக்குப் பாய்மரக் கலமும் 20 மீட்டருக்குக் குறைந்த எந்தக் கலமும் இடையூறு செய்யக்கூடாது என்று 9ஆம் விதி சொல்கிறது. முந்திச் செல்பவர், பாயில் சென்றாலும், முந்தப்படும் கலத்திலிருந்து விலகியே செல்ல வேண்டும் (13ஆம் விதி).

சவுதாம்ப்டன் அருகே சோலென்ட் நீரிணையில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது: அங்கே குறிப்பிட்ட பகுதியில், 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு முன்னே 1000 மீட்டரும் இருபுறமும் 100 மீட்டரும் சிறு படகுகள் நுழையக்கூடாத, கப்பலுடன் சேர்ந்தே நகரும் வளையமாகும்.

விதிகளின் முழுப் பாடம் பிரிட்டனின் கடல்சார் மற்றும் கடலோரக் காவல் முகமையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாய்க்கு முன்னுரிமை தரும் 18ஆம் விதியின் தொடக்க வரியைப் பார்த்தால், 9, 10 (கப்பல் போக்குவரத்தைத் தனித்தனிப் பாதைகளாகப் பிரிக்கும் இடங்களுக்கானது), 13ஆம் விதிகள் வேறுவிதமாகக் கோரும் இடங்களில் பாய்க்கான முன்னுரிமை பொருந்தாது என்பது அங்கேயே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.