இரவில் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிற எங்கள் அம்மாக்கள்

எங்கள் பக்கம் வயது போன ஒருவரிடம் சுகம் விசாரித்தால், பிரஷர், சீனி வருத்தம், அடுத்த கிளினிக் திகதி என்றுதான் பதில் வரும். நாங்களும் அதோடு விட்டுவிடுகிறோம். இரவில் எழும்பி மலசலகூடத்துக்கு எப்படிப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் வீட்டில் நிம்மதியாக இருக்கிறாரா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இலங்கையின் வடக்கே வன்னியில், யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு எழும்பிய வீடுகளைப் பாருங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தின் 550 சதுர அடி வீடு, தறப்பாளுக்குள் கிடந்து வந்த சனத்துக்குப் பெரிய ஆறுதல், அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இப்படியான பல வீடுகளில் மலசலகூடம் பின்வளவில், கிணற்றடிக்கும் அங்கால், குந்தியிருக்கிற கோப்பையோடு இருக்கிறது. மீள்குடியேறி வந்தபோது ஐம்பத்தைந்து வயதில் இருந்தவருக்கு அது ஒரு தூரமாகவே தெரிந்திருக்காது. இப்போது எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் மடங்காது, சிலருக்குக் காலில் இன்னும் ஷெல் துண்டு, சிலர் பொய்க்காலோடு. மாரியில் வளவெல்லாம் சேறு. பாம்புப் பயம் எங்கும் உண்டு, காட்டோரக் கிராமங்களில் யானைப் பயமும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். சிலர் டொக்டர் கொடுத்த தண்ணி மாத்திரையையும் (சிறுநீரைக் கூடப் போக வைக்கிற மாத்திரை) போடாமல் விடுகிறார்கள். வெட்கத்தில் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. வன்னி வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. மலச்சிக்கல், சிறுநீர்த்தொற்று, எழும்பும்போது தலைச்சுற்று, அப்புறம் விழுகை. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் சில நேரம் காய்ச்சலே இருக்காது, திடீரென்று மாறிக் கதைப்பார்கள், நாங்கள் அதை மறதி வருத்தம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவோம். காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம். (இருதய, சிறுநீரக வருத்தத்துக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் டொக்டர் சொன்ன அளவுதான், அது வேறு கதை.)

65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 வீதமானவர்கள் ஒவ்வொரு வருடமும் விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கை, படுக்கையால் புண், சளிக்காய்ச்சல். நடமாடிக்கொண்டிருந்த மனுசி சில மாதங்களுக்குள் போய்விடுகிற கதை எங்கள் ஊர்களில் எத்தனை!

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்கள் பாசத்தோடுதான் காசு அனுப்புகிறீர்கள். ஆனால் அந்தக் காசு முன் விறாந்தைக்கு மினுங்குகிற டைல்ஸாகப் போகிறது, ஈரக்காலோடு அதில் வழுக்கி விழுவதும் அம்மாதான். அதற்கு முதல் செய்ய வேண்டியவை சின்ன வேலைகள். மலசலகூடச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு ஜீஐ பைப், கட்டிலில் இருந்தபடியே போடக்கூடிய சுவிட்சோடு வெளியில் ஒரு பல்ப், பின்கதவிலிருந்து சொரசொரப்பாகப் பூசிய சீமெந்துப் பாதை, குந்த முடியாதவருக்குக் கொமட். இரவுக்கு அறைக்குள்ளேயே வைக்கிற கொமட் கதிரையும் விற்கிறது. மேசனைப் பிடித்தால் பெரிய வேலையே இல்லை. இதைப் பற்றிக் கேட்க மகனை விட மகளோ மருமகளோ எடுத்துக் கதைப்பது நல்லது, மகனிடம் அம்மா "ஒண்டுமில்லையடா" என்றுதான் சொல்வா.

இன்னொன்று. முற்றம் கூட்டுகிற, வாழைக்குத் தண்ணீர் விடுகிற ஆச்சியைப் பிடித்துக் கதிரையில் இருத்தாதீர்கள். அந்த வேலைதான் அவவின் காலைப் பலமாக வைத்திருக்கிறது. முடிந்தவர்கள் கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருந்து பழகட்டும், பக்கத்தில் ஒருவர் நின்றால் சரி.

கிராமங்களில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. ஒக்டோபர் 1 முதியோர் தினத்துக்குப் பொன்னாடை போர்த்துவது நல்ல விஷயம், செய்யுங்கள். அதே கிழமையில், மாரி இறுக முன்னம், தனியே இருக்கிறவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களோடு பின்வளவுவரை ஒருக்கால் நடந்து பாருங்கள். எங்கே கைபிடி வேண்டும், எங்கே வெளிச்சம் வேண்டும் என்று வீடு வீடாக எழுதி எடுத்தால், அந்தப் பட்டியலை வெளிநாட்டிலுள்ள உங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அப்படியே அனுப்பலாம், பைப்புக்கும் சீமெந்துக்கும் காசு தரமாட்டோம் என்று அவர்கள் சொல்லப்போவதில்லை.