நாய்க்குக் குடுத்த காசு ஆட்டுக்கு எதிரான காசு இல்லீங்க

பேசாம இருந்தர்லாம்னுதான் நெனச்சேன். ஆனா அந்தப் படம் நம்மூர்க் குழுவுல கெளம்பி, மூலனூர், தாராபுரம்னு சுத்தி, திருப்பூர்ல நான் கணக்கு எழுதுற கம்பெனி வரைக்கும் வந்துருச்சு. கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க போனை நீட்டி "இது நீங்கதானுங்களா?"னு கேட்டப்ப பதில் சொல்ல வாய் வரலை. எந்தப் படம்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். மேல, தெருநாய்களுக்காக வேலை செய்யற ஒரு அமைப்புக்கு நான் பணம் கட்டி இங்க போட்டிருந்த நன்கொடை ரசீது. கீழ எங்க மாமன் பட்டியில நாய் கடிச்சுச் செத்து வரிசையாப் போட்டிருந்த ஆடுக. "மாசாமாசம் இதுக்குத்தான் பணம் போகுது"னு ஒரு வரி.

அதுக்கு எத்தனை கைதட்டு, எத்தனை சிரிப்பு. என் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறின கைகளும் அதுல இருந்துச்சு.

நாய்க்குக் குடுக்குற காசு ஆட்டுக்கு எதிரான காசு இல்லீங்க. இந்த ஒண்ணைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

அந்த ஆடுக செத்த அன்னிக்கு விடியறதுக்குள்ள நான் பட்டியில நின்னேன். படம் போட்ட தம்பி அங்க வரவே இல்லை. நாய் ஆட்டைத் தின்னுட்டுப் போறதில்லை. கழுத்தைக் கடிச்சுப் போட்டுட்டு அடுத்த ஆட்டுக்குப் போயிரும். படலுக்குள்ள ஓட எடமில்லாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் செத்ததும் உண்டு. சினையாடுக அதுல. தாயில்லாத குட்டிக கத்துன கத்தல்ல அத்தை பட்டியை விட்டு வெளிய வரவே மாட்டேனுட்டாங்க. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் செத்த ஆடுகளை ரோட்டுல போட்டு நிவாரணம் கேட்டு உக்காந்தாங்களே, அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன். நஷ்டம்னா என்னனு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மேய்ச்சல் நெலமான கொறங்காட்டுல கிளுவை வேலிக்குள்ள ஆடு மேய்ச்சுத்தான் எங்க அப்புச்சி எங்கம்மாவைக் கட்டிக் குடுத்தாரு.

அந்தப் பட்டியைப் பாத்ததுனாலதான் நான் பணம் கட்டறேன். நாய் கத்தறது பாவம்னு மட்டும் கட்டலை.

ஒரு பொட்டை நாய் ரெண்டு மாசத்துல ஈனும். வருசத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் அஞ்சாறு குட்டி. அதுல பாதி பொழைச்சாலும் ரெண்டு மூணு வருசத்துல அது கூட்டம். அந்தக் கூட்டம் ராத்திரியில யார் பட்டிக்கு வரும்? நான் பணம் கட்டுற அமைப்பு நாடு முழுக்க வேலை செய்யறது. பேரைப் போட்டா விளம்பரம்பீங்க, அதனால போடலை. அவங்க செய்யற முக்கியமான வேலை, நாயைப் பிடிச்சு, கருத்தடை பண்ணி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதுல ஒரு வெட்டுப் போட்டு, பிடிச்ச எடத்துலயே விடறது. பொறக்காத நாய் ஆட்டைக் கடிக்காது. இதைவிட எளிமையா எனக்குச் சொல்லத் தெரியலை.

"பிடிச்ச நாயைத் திருப்பி எதுக்கு விடறது, கொன்னு போடலாமே"ங்கறவங்களுக்கு: சென்னையில நூறு வருசத்துக்கு மேல அதைத்தான் செஞ்சாங்க. மாநகராட்சியே பிடிச்சுப் பிடிச்சுக் கொன்னுச்சு. தெருவுல நாய் தீரலை. அங்கிருந்த புளூ கிராஸ் அமைப்பு 1964லயே கருத்தடைதான் வழின்னு சொல்லிச் செஞ்சு காட்டுச்சு. 1996லதான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்துச்சு. தீனி இருக்குற எடத்துல ஒரு நாயைக் கொன்னா இன்னொண்ணு வரும், அவ்வளவுதான். வெறி பிடிச்ச நாயையும் மூர்க்கமான நாயையும் திருப்பி விடக் கூடாதுன்னு 2025 ஆகஸ்டு 22ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆட்டைக் கடிச்சுப் பழகுன நாயைப் பட்டிப் பக்கம் கொண்டாந்து விடுங்கன்னு நான் எப்பச் சொன்னேன்?

தீனி எங்கிருந்து வருதுன்னும் கேளுங்க. ராத்திரியில கோழிக் கழிவைச் சாக்குல கட்டி பி.ஏ.பி. பாசன வாய்க்கால் ஓரத்துலயும் ஓடையிலயும் கொட்டிட்டுப் போற வண்டி யாரோடதுன்னு ஊருக்கே தெரியும். டவுன்ல ஆசைக்கு வாங்கின நாயை அலுத்துப் போனதும் கார்ல கொண்டாந்து நம்ம காட்டோரம் எறக்கி விடறவங்களையும் பாத்திருக்கீங்க. அவங்களை வெச்சு ஒரு படமும் வரலை. ரசீதுல பேர் இருந்த பொம்பளை கிடைச்சா.

எங்க பெரியப்பா பையன் ஒருத்தன் இருந்தான். எனக்கு அண்ணன் முறை. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப, தோட்டத்துல வளந்த நாய்க்குட்டி அவன் கையைப் பிறாண்டிருச்சு. அப்பல்லாம் நாய்க்கடின்னா தொப்புளைச் சுத்தி 14 ஊசி. அதுக்குப் பயந்து பச்சிலை கட்டி மந்திரிச்சு விட்டாங்க. ஒரு மாசம் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் சொம்புல தண்ணியைக் கண்டாலே உடம்பெல்லாம் வெட்டி இழுத்துச்சு. தோட்டத்து வீட்டுக் கதவைச் சாத்தி வெச்சிருந்தாங்க. உள்ள அவன், வெளிய திண்ணையில பெரியம்மா. எங்களைக் கிட்டப் போக விடலை. நோய் வெளிய தெரிஞ்சதுக்கப்புறம் பொழைக்கறது அநேகமாக் கெடையாது, இன்னிக்கும் அப்படித்தான். உலகத்துல வெறிநோய்ல சாகறவங்கள்ல மூணுல ஒருத்தர் இந்தியால சாகறாங்க. 1907லயே நம்ம பக்கத்துல குன்னூர்ல இதுக்குன்னு பாஸ்டர் நிலையம் தொடங்குனாங்க. மலைக்குக் கீழ இருக்குற நமக்கு இன்னும் நாய்க்கு ஊசி போடறது வேலையத்த வேலையாத் தெரியுது. பத்து நாய்ல ஏழுக்கு ஊசி போட்டாலே அந்த நோய் பரவறது நின்னு போகும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. என் ரசீது அந்த ஊசிக்கும் சேத்துத்தான்.

"ஜல்லிக்கட்டைத் தடை பண்ணின கூட்டத்துக்கா காசு?"னு ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு. அண்ணா, 2014 தீர்ப்பு வந்த வழக்குல முன்னால நின்னது விலங்கு நல வாரியம். அது மத்திய அரசு சட்டப்படி அமைச்ச வாரியம், யாரும் மாசச் சந்தா கட்டுற அமைப்பு இல்லை. 2017 தை மாசம் கோவை வ.உ.சி. மைதானத்துல நானும் உக்காந்திருந்தேன், உங்க வீட்டு அண்ணிகூடத்தான். 2023ல உச்ச நீதிமன்றம் நம்ம சட்டம் செல்லும்னு சொன்ன அன்னிக்கு நானும் இனிப்பு வாங்கினேன். காங்கயம் காளை மேல உங்களுக்கு இருக்குற பாசம் எனக்குக் கொறைஞ்சதில்லை.

"எல்லாம் வடக்கத்திக்காரங்க வேலை"ங்கறது அடுத்தது. 1960ல வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை போட்டது மதுரையில பொறந்த ருக்மணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில தனிநபர் மசோதாவாக் கொண்டு வந்து பேசுனாங்க. 1962ல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவங்கதான். நம்மளோடதை நாமளே வடக்குக்கு எழுதிக் குடுக்கணுமா?

வரி மிச்சம் பண்ணக் கட்டறேன்னு ஒருத்தர். நான் கணக்கு எழுதறவ. புது வரிமுறையில நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவே கெடையாது, நான் இருக்கறது புது முறையில. மனுசனுக்குச் செய்யலாமேங்கறவங்க என்ன செய்யறாங்கன்னு கேட்டா பதில் வராது, விடுங்க.

ஒரு கேள்வி மட்டும் நியாயம். இந்தப் பெரிய அமைப்புகளோட வேலையெல்லாம் நகரத்துலயே நிக்குது. கோவை மாநகராட்சிக்கு உக்கடத்துலயும் சீரநாயக்கன்பாளையத்துலயும் கருத்தடை மையம் இருக்கு. வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்துல ஒரு நாயைப் பிடிக்கணும்னா யாரைக் கேக்கறது? அழுவற நாய்ப் படத்தைப் போட்டு எனக்கு வாரம் தவறாம மெயில் அனுப்பறவங்க, ஆட்டுப் பட்டி இருக்குற ஊருக்கு ஒரு டாக்டரை அனுப்பியிருந்தா இந்தச் சண்டையே இல்லை. இதைச் சந்தா கட்டறவளா அவங்களுக்கே எழுதிக் கேட்டுட்டுத்தான் இருக்கேன். வெளிய நின்னு திட்டறவங்களுக்கு அந்த உரிமைகூடக் கெடையாது.

"நாய்க்காரி"ன்னு எழுதினவரே, உங்களுக்கு நான் என்ன முறைன்னு ஒரு நிமிசம் யோசிச்சீங்களா? "புருசன் காசைக் கொண்டு போய்க் கொட்டறா"ன்னும் எழுதிட்டீங்க. அது என்ற சம்பளம். அவரு அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்க யாருங்க கேக்க?

இவ்வளவு ஆவேசம் வேற எங்கயாச்சும் போச்சா? ஆடு செத்த அடுத்த வாரம் யாரோ கறியில விஷம் வெச்சாங்களே, அதுல எங்க சித்தப்பாவோட பட்டி நாயும் வாயில நுரை தள்ளிச் செத்துச்சு. ராத்திரி பூரா ஆட்டுக்குக் காவல் இருந்த நாய். சித்தப்பா அதைக் கிளுவை ஓரத்துலயே குழி தோண்டிப் பொதைச்சாரு. அவரு எந்தக் கட்சி? நாய்க் கட்சியா, ஆட்டுக் கட்சியா? வதைத் தடுப்புச் சட்டத்துல முதல் தப்புக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும்தான், பல வருசமா அது மாறலை. ஆனா விஷம் வெச்சுக் கொல்றதுக்கு 2024 ஜூலையில அமலுக்கு வந்த புதுத் தண்டனைச் சட்டத்துல, பாரதிய நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவுல, அஞ்சு வருசம் வரைக்கும் செயில் உண்டு. வெச்சவங்க இந்தப் பதிவையும் படிப்பீங்க.

நாய்க்குக் குடுக்குற காசு ஆட்டுக்கு எதிரான காசு இல்லை. இந்த மாசமும் கட்டிட்டேன். ரசீதையும் போடுவேன்.

எப்படிக் குடுக்கறதுன்னு உள்பெட்டியில கேட்டவங்களுக்கு: எந்த அமைப்பா இருந்தாலும் தணிக்கை பண்ணின வரவு செலவைக் கேளுங்க. கருத்தடைத் திட்டத்துக்கு விலங்கு நல வாரியத்தோட அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க, 2023 விதிப்படி அது கட்டாயம். நம்ம ஒன்றியத்துக்கு வருவீங்களான்னு கேளுங்க, கேட்டுட்டே இருங்க. காசு குடுக்க மனசில்லாதவங்க குடுக்க வேண்டாம். நாய்க்கு ஊசி போடற வண்டி வர்ற அன்னிக்கு உங்க தோட்டத்து நாயைக் கொட்டாய்க்குள்ள மறைச்சு வெக்காம, கயிறு போட்டு ஊசிக்குக் கூட்டிட்டு வாங்க.