விபத்தில்லாத நாட்கள்: 187

ஆலை வாசலில் ஒரு பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே ஒரு எண். இரண்டு வருடம் தினமும் காலையில் அந்த எண்ணை மாற்றி வைத்தவன் நான்தான். சூப்பர்வைசர் சொன்னார், செய்தேன்.

187-ஆவது நாள் ராத்திரி, பக்கத்து பிரஸ் மெஷினில் (அழுத்தி வடிவம் கொடுக்கும் மெஷின்) நின்ற அண்ணனுக்கு இரண்டு விரல் நசுங்கியது. அந்த மெஷினின் கதவைத் திறந்தால் அது தானாக நிற்க வேண்டும், அதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. கதவில் இருக்கிற சின்ன இரும்பு நாக்கு சுவிட்சுக்குள் போனால்தான் ஓடும். அந்த நாக்கைக் கழற்றி சுவிட்சிலேயே செருகிக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் மெஷினைப் பொறுத்தவரை அது மூடித்தான் இருக்கிறது. யார் கட்டியது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு பீஸுக்கும் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் டார்கெட் வராது, டார்கெட் போட்டவர்களுக்கும் அது தெரியும். ஆடிட் வரும் நாளில் மட்டும் கம்பி காணாமல் போகும். அன்றைக்கு டார்கெட் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதுதான் வேடிக்கை.

அவரை பைக்கில் ஏற்றுகிறோம், சுற்றிய துணியையும் தாண்டி ரத்தம் சொட்டுகிறது, அப்போது ஒரு அதிகாரி ஓடி வந்து சொன்னது இதுதான்: “டாக்டர் கேட்டா, வீட்ல கதவிடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க.”

மறுநாள் காலை நான் 188 என்று மாற்றினேன்.

200 நாள் ஆனால் எல்லாருக்கும் ஒரு சுவர்க் கடிகாரம் என்று அறிவித்திருந்தார்கள். அதனால் மேலே இருந்து யாரும் மிரட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கூட வேலை செய்கிறவர்களே “தம்பி, இன்னும் பன்னிரண்டு நாள்தான், நீ ஏதாவது பேசிக் கெடுத்துடாதே” என்றார்கள். அவருக்கு விடுப்பும் தரவில்லை. அடிபட்டு விடுப்பு எடுத்தால் அது கணக்கில் ஏறிவிடும் அல்லவா, அதனால் இரண்டாம் நாளே வரச் சொல்லி, கட்டுப் போட்ட கையோடு ஸ்டோரில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வருகைப் பதிவில் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான் வேண்டும்.

இப்படிப் பரிசு கட்டிய பலகை நடந்த விபத்தை எண்ணுவதில்லை, வெளியே சொன்ன விபத்தைத்தான் எண்ணுகிறது. எண் ஏற ஏற, சொல்வதற்கு ஆள் குறைகிறார்கள். நம்பர் பெரிதாக இருக்கும் இடத்தைப் பார்த்தால் எனக்கு இப்போது பயம்தான் வருகிறது.

அப்புறம் விசாரணை என்று ஒன்று நடந்தது, காகிதத்தில் ஏறாமல், வாய்வார்த்தையாக. முடிவு: ‘கவனக்குறைவு’. அந்த வாரம் அவருக்கு அது தொடர்ந்து மூன்றாவது டபுள் ஷிப்ட். மறுநாள் ஷிப்ட் என்ன என்பதே முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில்தான் வரும். மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறார், “உனக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க” என்று பதில். சரி, கேட்கட்டுமே. எல்லாரும் கேட்கிற அளவுக்கு ஒரு ஷிப்ட் அட்டவணை இருந்தால் கோளாறு எங்கே இருக்கிறது? பதினாறு மணி நேரம் நின்றவனிடம் கவனத்தை எதிர்பார்ப்பவர்கள் அந்த அட்டவணையைப் போடும்போது தங்கள் கவனத்தை எங்கே வைத்திருந்தார்கள்?

ராணா பிளாசாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2013 ஏப்ரல் 23-ஆம் தேதி வங்கதேசத்தில் அந்தக் கட்டடத்தில் விரிசல் விட்டது ஊருக்கே தெரியும். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேல் மாடிகளில் தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளத்தில் கை வைப்போம் என்று மிரட்டியதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். 24-ஆம் தேதி கட்டடம் சரிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் இரண்டு விரலை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் ஆபத்து இருப்பது தெரிந்தும் ‘நான் போகமாட்டேன்’ என்று சொல்ல முடியாத அந்த நிலைமை, அது எங்களுக்கும் பழக்கமானதுதான்.

இதற்குக் காகிதத்தில் வழி உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் வருட 155-ஆவது உடன்படிக்கை, 13-ஆவது பிரிவு: உயிருக்கோ உடலுக்கோ உடனடியாகப் பெரிய ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து ஒருவர் வேலையை விட்டு விலகினால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. நானும் இதை ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன். எங்கள் ஆலையில் ‘கையுறை அணிவீர்’ என்று பத்து இடத்தில் ஒட்டியிருந்தார்கள், இதை ஒரு இடத்தில்கூட ஒட்டவில்லை.

200-ஆவது நாள் கடிகாரம் கொடுத்தார்கள், போட்டோவும் எடுத்தார்கள். அந்த அண்ணனும் வரிசையில் வந்து நின்றார். இடது கையால் வாங்கிக்கொண்டார்.