பட்டைவால் மூக்கன்: சாதனைச் செய்தி சொல்லாத பாதி

2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், கடலோரச் சேற்றில் மேயும் நீண்ட அலகுப் பறவை, அலாஸ்காவில் கிளம்பியது. எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து, 11 நாட்களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவைச் சேர்ந்தது. உடலில் செயற்கைக்கோள் கருவி இருந்ததால் பாதை முழுவதும் பதிவாகிவிட்டது. அந்த எண்ணை இன்றும் பலர் பகிர்கிறார்கள். தாராளமாகப் பகிரட்டும். ஆனால் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பறந்த 11 நாட்களைக் கொண்டாடுகிறவர்கள், அதற்கு முன் அது சேற்றில் நின்று இரை தின்ற வாரங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்தத் தீனி இல்லையென்றால் பயணமே இல்லை.

இந்தப் பறவை மேய்வதைப் பாருங்கள். ஓதம் வடிய வடிய, நீர் விலகும் விளிம்பை ஒட்டியே நடக்கிறது. சற்றே மேல்நோக்கி வளைந்த நீண்ட அலகைச் சேற்றில் செருகுகிறது, சில சமயம் கண் வரைக்கும். அலகின் நுனியில் நுண்ணிய உணர்வுக் குழிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புழுவையும் மட்டியையும் அவற்றால்தான் கண்டுபிடிக்கிறது. வாயை முழுதாகத் திறக்காமல், சேற்றுக்குள்ளேயே நுனியை மட்டும் விரித்து இரையைக் கவ்வ அதனால் முடியும். பெண்ணுக்கு அலகு இன்னும் நீளம். இரவா பகலா என்று பார்ப்பதில்லை. நீர் வடிந்தால் மேய்ச்சல், ஏறினால் ஓய்வு.

இப்படித் தின்று அது சேர்க்கும் கொழுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. 1987இல் அலாஸ்காவின் கோல்ட் பே பகுதியில், பயணம் புறப்பட்ட இளம் மூக்கன்கள் சில ஒரு ரேடார் குவிமாடத்தில் மோதி இறந்தன. அவற்றை ஆராய்ந்தபோது உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருந்தது. இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் வெகுவாகச் சிறுத்திருந்தன. வழியில் உண்ணப்போவதில்லை என்றால் அந்த உறுப்புகளை ஏன் சுமக்க வேண்டும்? எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி இது.

மூக்கன் அல்பட்ராஸ் போலக் காற்றில் மிதந்து செல்லும் பறவை அல்ல. முழுத் தொலைவையும் சிறகடித்தே கடக்க வேண்டும். களைத்தால் கடலில் இறங்கி இளைப்பாறவும் வழியில்லை. ஆகவே புயல் நகர்வுகளைக் கவனித்து, வாலுக்குப் பின்னாலிருந்து காற்று தள்ளும் நாளாகப் பார்த்துக் கிளம்புகிறது.

மரங்களற்ற வடதுருவக் குளிர்நிலமான தூந்திரத்தில் கூடு, பெரும்பாலும் நான்கு முட்டைகள், ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. தெற்கே ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வந்த இளம் பறவைகள் சில ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டுத்தான் முதன்முறையாக வடக்கே திரும்புகின்றன.

வடக்கே திரும்பும் அந்தப் பயணத்தில்தான் சிக்கல். நியூசிலாந்திலிருந்து கிளம்பினால், சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடல் வரை ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். அங்கே சில வாரங்கள் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டால்தான் அலாஸ்கா போய் முட்டையிட முடியும். அந்த மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில் பாதிக்கு மேல் ஐம்பது ஆண்டுகளுக்குள் அழிந்துவிட்டன. தென் கொரியாவின் செமாங்கம் பகுதியில் 33 கிலோமீட்டர் நீளக் கடல் சுவர் 2006இல் மூடப்பட்டபோது, சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பு அலைகளிலிருந்து துண்டிக்கப்பட்டது.

"பறவைதானே, பக்கத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. செமாங்கத்தில் பெருங்கூட்டமாக மேய்ந்த பெரிய உள்ளான்கள் என்ற வேறொரு கரைப்பறவைகள் அதன் பிறகு பக்கத்துக் கரைகளில் அந்த அளவுக்குத் தென்படவில்லை. ஆஸ்திரேலியாவில் அவற்றின் எண்ணிக்கையும் சரிந்தது. பக்கத்துச் சேற்றில் ஏற்கெனவே வேறு பறவைகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன. உள்ள இரையும் அவற்றுக்கே அளவாக இருந்தால் புதிதாக வருபவை எதைத் தின்னும்?

கடலை நிரப்பி நிலமாக்கும் திட்டங்களுக்குச் சீனா 2018இல் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. சீனக் கரையின் சில பகுதிகள் 2019இலும், கொரியச் சேற்றுவெளிகள் 2021இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தாமதம்தான், ஆனாலும் மனமார வரவேற்கிறேன். பட்டியலுக்கு வெளியே இருக்கும் கரைகளுக்கும் ஒரு விதி வேண்டும். அங்கே துறைமுகமோ தொழிற்பேட்டையோ கேட்கும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும், வடக்கே போகும் பறவைகள் வந்து தங்கும் ஏப்ரல், மே மாதங்களில் எடுத்த பறவைக் கணக்கு கட்டாயமாக இருக்க வேண்டும். வேறு மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு "இங்கே பறவைகள் இல்லை" என்று எழுதும் அறிக்கையை வாங்கவே கூடாது.