முறை என்றால் ‘தடவை’ மட்டும்தானா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் கையகராதிகள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஒன்றில் ‘முறை’ என்ற சொல்லுக்கு ‘தடவை, விதம்’ என்று போட்டிருக்கிறது. ‘வரிசை’ என்றால் ‘ஒழுங்கு’. ‘ஊழ்’ என்றால் ‘விதி’. அத்தோடு சரி. சுருக்கினால் பிள்ளைக்கு எளிது என்று நினைக்கிறார்கள். வீட்டில் ஆச்சி பேசுகிற தமிழுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போவதை யாரும் யோசிப்பதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் ‘முறை’யை எடுத்துப் பாருங்கள். ஒழுங்கு இருக்கிறது, தடவை இருக்கிறது. உறவு, நீதி, வழக்கம், ஊழ், நூல், முறையீடு என்று இன்னும் போய்க்கொண்டே இருக்கும். இதெல்லாம் ஏட்டில் செத்துப்போன பொருள்கள் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் இன்றைக்கும் நடமாடுகிறவை.

தாமிரபரணியில் பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல். பிசானம் என்கிற நெல் பருவத்தில் தண்ணீர் தட்டுப்பட்டால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். நீர்பாய்ச்சி மண்வெட்டியால் ஒரு வயலின் வாய்மடையை வெட்டிவிடுவார். தண்ணீர் கடைசி வரப்பைத் தொட்டதும் அதே மண்ணை அள்ளி மடையை அடைத்து, காலால் மிதித்துவிட்டு அடுத்த வயலுக்கு நகர்வார். “இன்னைக்கு யார் முறை?” என்று அங்கே ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் இரண்டு பொருள் சேர்ந்தே இருக்கிறது: அடுத்து வருவது யார் என்பதும், நியாயப்படி யாருக்குச் சேர வேண்டும் என்பதும். முறை தப்பித் தண்ணீர் திருப்பினால் சண்டை வருவது அதனால்தான். “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்” என்று வள்ளுவர் சொல்லும் முறையும் அந்த நீதிதான். ‘தடவை’ என்று மட்டும் படித்த பிள்ளை இந்தக் குறளை எப்படிப் படிக்கும்?

அப்புறம் உறவு. புதிதாக ஒரு பையன் வீட்டுக்கு வந்தால், ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே, “யாரு மவன்ல நீ? எங்களுக்கு என்ன முறை வேணும்?” என்று கேட்பாள். அவன் அப்பா பெயரையும் ஊரையும் சொன்னதும் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு, “அப்ப நீ எனக்குப் பேரன் முறைல்லா” என்பாள். அதன் பிறகு யாரை அத்தான் என்பது, யாரைச் சித்தப்பா என்பது எல்லாம் தானாக முடிவாகிவிடும். ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்வதால் இதுவும் வரிசை பற்றிய பேச்சுதான்.

‘வரிசை’யில் இன்னொரு விஷயம் இருக்கிறது. லெக்சிகன் அதற்கு ஒழுங்கு என்பதோடு மேம்பாடு, தகுதி, அரசரால் பெறும் சிறப்பு என்றெல்லாம் பொருள் தருகிறது. புறநானூற்றில் கபிலர் மலையமான் என்ற குறுநில மன்னனிடம், கொடுப்பது எளிது, “வரிசை அறிதலோ அரிதே” என்று சொல்லும்போது அது தகுதி. இன்று கல்யாணத்தில் தாய்மாமன் வைக்கும் சீர்வரிசைத் தட்டு மரியாதை. கோயில் கொடைத் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று ஊர் இரண்டுபடுகிறதே, அந்தச் சண்டையின் வேரும் இந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. முன்னால் நிற்பவன் உயர்ந்தவன் என்ற நினைப்பு எவ்வளவு பழையது என்பதைப் பிள்ளைகள் அகராதியிலேயே பார்க்கட்டும். மறைத்துவிட்டால் கேள்வி கேட்கவும் அவர்களுக்கு வழியிருக்காது.

ஊழ் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அதன் ஊழ் அதிகாரத்துக்கு எழுதிய முன்னுரையில் ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி எல்லாம் ஒரு பொருள் தரும் சொற்கள் என்கிறார். அந்தப் பட்டியலில் ‘முறை’ மூன்றாவதாக நிற்கிறது. அதைத் தூக்கிவிட்டு ‘விதி’யை மட்டும் கொடுத்தால் பிள்ளை மனத்தில் தங்குவது தலையெழுத்து மட்டும்தான். ஒன்று நடந்தால் அதன் பின்னால் இன்னொன்று வரும் என்கிற தொடர்ச்சி காணாமல் போய்விடுகிறது.

மனப்பாடத்துக்கு இவ்வளவு தேவையா என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, கண்ணில் படட்டும் என்றுதான் சொல்கிறேன். நிகண்டு என்பது சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த பழைய செய்யுள் நூல். திவாகர நிகண்டு தெய்வப் பெயரில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பன்னிரண்டு தொகுதிகளாகப் போகும். நிகண்டைப் பாட்டாகவே பிள்ளைகள் ஒப்பித்த காலம் ஒன்று இருந்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை எழுத்து வரிசையில் அமைத்தார், தேடுவது எளிதானது. அவர் தமிழ்நாட்டுக்கு வந்த புதிதில் பணி செய்த காமநாயக்கன்பட்டி நம் பழைய நெல்லைச் சீமை ஊர்தான். அவர் எளிமையாக்கியது தேடும் வழியை.

லெக்சிகனின் பதிப்பாசிரியராக 1926 முதல் உழைத்த எஸ். வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலிக்காரர். அந்த அகராதியில் திருநெல்வேலி வழக்கைக் காட்ட என்றே ஒரு சுருக்கக் குறி உண்டு. வயலிலும் திண்ணையிலும் வழங்கும் சொல்லுக்கு அங்கே இடம் கிடைத்தது. இன்று கையகராதி போடும் பதிப்பகத்தாரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘முறை’க்கு இன்னும் மூன்று வரி கொடுங்கள். நீதியையும் உறவையும் சேருங்கள். தண்ணீர் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் போடுங்கள். பக்கம் கூடும் என்றால் கடைசியில் இருக்கும் தலைநகரப் பட்டியலை எடுத்துவிடுங்கள், அது எல்லாருடைய போனிலும் கிடைக்கிறது.