எல்லா வேலைக்கும் ஏற்ற ஹார்ட்னராம்!

"எல்லா வேலைக்கும் ஏற்றது." எபாக்ஸி ரெசின் என்கிற திரவப் பிளாஸ்டிக்கை இறுகவைக்க அதில் கலக்கிற ஹார்ட்னரின் பாட்டிலில் இந்த மூன்று வார்த்தையை அச்சடித்த மகராசன் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு கும்பிடு போட்டு, அப்படியே கையோடு கூட்டிவந்து என் மேஜை முன்னால் உட்கார வைக்கவேண்டும்.

எந்த எல்லா வேலை? பலகைமேல் மெல்லிசாக ஒரு பூச்சு பூசுவதும் வேலைதான். ஐந்து சென்டிமீட்டர் ஆழ மோல்டில் ஊற்றுவதும் வேலைதான். மெல்லிய பூச்சுக்குச் சுறுசுறுப்பான ஹார்ட்னர் வேண்டும், இல்லையென்றால் நாள்கணக்கில் பிசுபிசுவென்று கிடந்து பறக்கிற தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆழமாக ஊற்ற மந்தமான ஹார்ட்னர் வேண்டும், இல்லையென்றால் உள்ளே கிளம்புகிற சூடு வெளியேற வழியில்லாமல் மொத்தமும் மஞ்சளித்து வெடிக்கும். இரண்டும் நேரெதிர். இரண்டுக்கும் ஒரே பாட்டிலாம்! ஆஹா!

நான் கேட்காமலும் இறங்கவில்லை. பாட்டிலில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, "ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஒரே தடவையாக ஊற்றலாமா?" என்று தெளிவாகத்தான் கேட்டேன். "தாராளமா ஊத்தலாம் சார், எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்றார். தாராளமாக. அந்த வார்த்தையை அவர் சொன்ன தோரணை இன்னும் காதில் நிற்கிறது.

லேபிளில் "பாட் லைஃப் 40 நிமிடம்" என்று இருந்தது. அதாவது, கலந்தபின் இறுகுமுன் ஊற்றி முடிக்கக் கையிலிருக்கும் நேரம். எத்தனை கிராம் கலந்தால் 40 நிமிடம்? எத்தனை டிகிரியில்? அதெல்லாம் பரம ரகசியம். பொதுவாக 100 கிராம் கலவையை 25 டிகிரியில் வைத்து அளந்துதான் அந்த எண்ணைப் போடுவார்கள். கிலோ கணக்கில் கலந்தால் கதையே வேறு. அளவு கூடக்கூட சூடு உள்ளேயே தங்கும், சூடு தங்கத் தங்க ரெசின் இன்னும் வேகமாக இறுகும், இறுகும் வேகத்தில் இன்னும் சூடு கிளம்பும். அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடினாலே கையிலிருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைச் சொல்ல இரண்டு வரி போதும். லேபிளில் அதற்கு இடமில்லை. நீலக்கடலும் வெள்ளை நுரையுமாக ஒரு பெரிய படம் போட மட்டும் தாராளமாக இடம் இருக்கிறது.

சரி, கலந்தாயிற்று. பக்கெட்டின் அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்துக் கிளறி, குமிழி அடங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, மெல்ல ஊற்ற ஆரம்பித்தேன். கண்ணாடிபோல் பளபளவென்று இறங்கியது. பாதி ஊற்றியிருப்பேன், பக்கெட் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. "நம் கைச்சூடுதான்" என்று மனம் சமாதானம் சொன்னது. அடுத்த நொடி வெதுவெதுப்பு இல்லை, சூடு. அதற்கடுத்த நொடி பிடிக்க முடியவில்லை. கீழே வைத்தேன். தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது கூழாகி, கூழ் கட்டியாகி, உள்ளே போட்டிருந்த குச்சி யாரும் பிடிக்காமலே நட்டுக்கொண்டு நின்றது. கொடிக்கம்பம்! சல்யூட் அடிக்கவேண்டியதுதான் பாக்கி. அப்புறம் புகை. மூக்கைத் துளைக்கிற நெடி. பிளாஸ்டிக் பக்கெட்டின் இடுப்பு மெதுவாக வளைந்து, சாமி வந்ததுபோல் ஒரு பக்கம் சாய்ந்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே ஓடினேன்.

மோல்டில் ஊற்றிய பாதி அமைதியாக இருக்கிறதே, அதுவாவது தேறும் என்று வெளியே நின்றபடி கணக்குப் போட்டேன். நெடி அடங்கியதும் உள்ளே வந்து பார்த்தால், நடுவில் மட்டும் லேசாக மஞ்சள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது "டக்". இன்னொரு "டக்". மூலைக்கு மூலை விரிசல். அதற்குள்ளே பதித்து வைத்த மரத்துண்டு, என்னைப்போலவே, மாட்டிக்கொண்டு விழித்தது.

மறுபடி போன் போட்டேன். அதே குரல்.

"எவ்வளவு சார் கலந்தீங்க?"

"ஒரு கிலோ."

"ஓ... ஒரு கிலோவா?"

அந்த "ஓ" இருக்கிறதே! ஆழத்தைச் சொல்லித்தானே ஐயா முதல் தடவை கேட்டேன்? ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தைச் சொட்டு மருந்து அளவில் ஊற்றுவேன் என்று நினைத்தாரா?

"அதுக்கு ஸ்லோ ஹார்ட்னர்தான் சார் போடணும்."

"எல்லா வேலைக்கும் ஏற்றதுன்னு போட்டிருக்கே?"

"எல்லாத்துக்கும் ஏற்றதுதான் சார். இந்த மாதிரி வேலைக்கு மட்டும் கொஞ்சம் செட் ஆகாது."

கொஞ்சம்! பக்கெட் உருகியது கொஞ்சம். அதோடு விட்டாரா? "சின்னதா ஒரு டெஸ்ட் போட்டுப் பாத்திருக்கலாமே சார்" என்று அறிவுரை வேறு. ஐம்பது கிராம் டெஸ்ட் அழகாகத்தான் இறுகும். அவ்வளவு சின்ன அளவில் சூடு தேங்கவே தேங்காது. எந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க டெஸ்ட் போடவேண்டுமோ, அந்தக் கோளாறு மட்டும் சின்ன டெஸ்டில் தலைகாட்டாது. இதை அவருக்கு நான் விளக்கி, அவர் "ஓகே சார், நோட் பண்ணிக்கிறேன்" என்றார். என்ன நோட், எந்த நோட்டு?

இதைவிடக் கொடுமை, விஷயம் கேள்விப்பட்டு யோசனை சொல்ல வருகிற நண்பர்கள். "ஹார்ட்னரைக் குறைச்சு ஊத்தியிருந்தா மெதுவா இறுகியிருக்கும்." இல்லை, அரைகுறையாக வெந்து நிரந்தரமாகக் கொழகொழவென்று இருந்திருக்கும். அந்த வித்தையெல்லாம் பாலியெஸ்டர் என்கிற வேறு வகை ரெசினில் ஓரளவு செல்லும். அங்கே ஊற்றுவது வினையைக் கிளப்பிவிட ஒன்றிரண்டு சதவீதம்தான். எபாக்ஸியில் ஹார்ட்னரும் கட்டுமானத்தில் பாதிப் பங்காளி. ரெசினில் இருக்கிற ஒவ்வொரு கொக்கிக்கும் ஹார்ட்னரில் இருக்கிற அமீன் என்கிற வேதிப்பொருளில் ஒரு கை வேண்டும். கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. இன்னொருவர், "வேற கம்பெனி ஹார்ட்னர் மிச்சம் இருக்கு, தரட்டுமா? எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். சாதாரண எபாக்ஸி ரெசின் 100 கிராமுக்கு ட்ரைஎத்திலீன் டெட்ராமீன் என்கிற ஹார்ட்னர் என்றால் சுமார் 13 கிராம் போதும். தெளிவான வார்ப்புக்குப் போடுகிற பாலிஈதர் அமீன் வகையில் ஒன்றுக்குச் சுமார் 32 கிராம் வேண்டும். பாலிஅமைடு என்றால் இன்னும் அதிகம். எல்லாம் ஒண்ணுதானாம்!

அதே லேபிளில் ரெசினுக்கும் ஹார்ட்னருக்கும் விகிதம் "2:1" என்றும் இருக்கிறது. எடையிலா, கொள்ளளவிலா? போடவில்லை. ரெசின் கனம், ஹார்ட்னர் அதைவிட லேசு. கப்பில் அளந்து 100-க்கு 50 ஊற்றினால் தராசில் அது 100-க்கு 43 பக்கம்தான் வரும். தராசில் வைத்து 50 ஊற்றுகிறவன் கதி என்ன? அந்தப் பாவம் யாருக்குச் சேரும்?

எனக்கு வேண்டியதெல்லாம் நாலு எண்கள். எவ்வளவு தடிமன் வரை ஊற்றலாம், எந்த வெப்பத்தில், எத்தனை கிராமுக்கு எத்தனை நிமிடம், விகிதம் எடையிலா கொள்ளளவிலா. கடல் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் நாலும் ஓரமாக உட்கார்ந்துவிடும். மாட்டார்கள். "கலைஞர்களின் நம்பிக்கை" என்று தங்க எழுத்தில் எழுதத்தான் கை வருகிறது.

இப்போது அந்தப் பக்கெட், குச்சி, கட்டி மூன்றும் ஒரே பிண்டமாகி மேஜையோரம் நிற்கின்றன. வீட்டுக்கு வந்தவர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாடர்ன் ஆர்ட்டா? நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படத் தெம்பில்லாமல் வந்த சிரிப்பு.

போகட்டும். இன்னொன்று கேட்கவேண்டும். மோல்டின் ஓரத்தில் ஒட்ட டேப் வாங்குகிறோமே, அந்த டேப்பின் நுனியை ஏன் யாராலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்ய முடியவில்லை? உருளையை நகத்தால் சுற்றிச் சுற்றிச் சுரண்டி, ஒருவழியாகப் பிடித்து இழுத்தால் பாதி அகலம் கிழிந்து சாய்வாக ஓடுகிறது. மறுபடி முதலிலிருந்து சுரண்டு. நிலாவுக்கு ராக்கெட் விடுகிறார்களாம். முதலில் இந்த நுனியில் ஒரு சிவப்புக் கோடு போடச் சொல்லுங்கள்!