ஏழுக்கு இரண்டு அல்ல, ஐந்துக்கு நான்கு

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநில வாக்குகளைக் கையால் மறுபடி எண்ணுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று புஷ்ஷுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததாக நண்பர் எழுதியிருப்பது பாதி உண்மைதான்.

துளையிடும் வாக்குச்சீட்டில் முழுதாகத் துளை விழாமல் வெறும் பள்ளம் மட்டும் இருந்தால், புளோரிடாவின் ஒரு மாவட்டம் அதை வாக்காக ஏற்றது, இன்னொன்று தள்ளியது. இந்தக் குளறுபடி தவறு என்பதில்தான் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் ஒத்துப்போனார்கள். அந்த எழுவரிலேயே சூட்டர், பிரேயர் இருவரும் பொது அளவுகோல் வகுத்து மறு எண்ணிக்கையைத் தொடரலாம் என்றார்கள். எண்ணிக்கைக்கே முற்றுப்புள்ளி வைத்தது ஐந்து பேர்தான்.

அவர்கள் சொன்ன காரணம், தேர்தல் தகராறுகளை மாநிலங்கள் தீர்த்துக்கொள்ளச் சட்டம் குறித்திருந்த டிசம்பர் 12 கெடு. தீர்ப்பு வந்ததோ அதே நாள் இரவில்! டிசம்பர் 9 அன்று எண்ணிக்கையை நிறுத்திவைத்ததும் அதே ஐவர். புளோரிடாவில் புஷ்ஷுக்கும் எதிர் வேட்பாளர் அல் கோருக்கும் அதிகாரபூர்வ வித்தியாசம் வெறும் 537 வாக்குகளாக இருந்தபோது அந்த மூன்று நாட்கள் எவ்வளவு பெரியவை!